38 வயசுல எலக்ட்ரீஷியன் வேலைக்கு மாறலாமா? வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் இருக்கிறவங்க சொல்லுங்க

பாலாறு_38:

எல்லாருக்கும் வணக்கம். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில ஸ்டிச்சிங் லைன் சூப்பர்வைசரா இருக்கேன். வயசு 38. பிளஸ் டூ காமர்ஸ் முடிச்சுட்டு நேரா கம்பெனிக்குள்ள வந்தவன். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா வரியை 50 சதவீதம் ஆக்கினப்ப எங்க லைன்ல முதல்ல ஓவர்டைம் நின்னுது, அப்புறம் ஆளையும் குறைச்சாங்க. நான் தப்பிச்சேன். ஆனா இன்னும் இருபது வருஷம் இதே வேலை இருக்கும்னு நம்பி உக்கார முடியல.

மெஷின் மோட்டார், பேனல் ஏதாவது ரிப்பேர்னா மெயின்டனன்ஸ் ஆள்கூட நின்னு பார்ப்பேன். அந்த வேலையில ரொம்ப நாளா ஒரு ஆசை. எலக்ட்ரீஷியனா மாறலாம்னு இருக்கேன். வீட்ல பெரியவ ஒன்பதாவது, சின்னவன் நாலாவது. சம்பளம் இல்லாம ரெண்டு வருஷம் உக்காந்து படிக்க வழி இல்லை.

ஐ.டி.ஐ. போகணுமா, யார்கிட்டயாவது ஹெல்ப்பரா சேரணுமா? இந்த வயசுல சேர்த்துக்குவாங்களா? லைசென்ஸ் எப்படி? தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க. உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது போதும்.

காட்பாடி_வயர்மேன்:

தம்பி, வயசை முதல்ல தூக்கி ஓரமா வைங்க. எங்க டீம்ல 44 வயசுல வந்தவர் இருக்கார், பழைய லாரி டிரைவர். இப்ப தனியா ஒரு வீட்டை எடுத்து முடிக்கிறார்.

ஆனா வேலை என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க. வெளியில இருந்து பார்க்கிறவங்க ஸ்விட்ச் மாட்டுறதும் ஃபேன் மாட்டுறதும்தான் எலக்ட்ரீஷியன் வேலைன்னு நினைக்கிறாங்க. அது கடைசி வாரத்து வேலை. ஒரு வீட்டோட வயரிங் தொடங்குறது ஸ்லாப் கான்கிரீட்டுக்கு முந்தின நாள். சென்ட்ரிங் மேல கம்பி கட்டி முடிச்சதும் நாங்க ஏறுவோம். பைப்பைக் கம்பிக்கு நடுவுல விட்டு, கட்டுக்கம்பியால அங்கங்க கட்டணும். ஃபேன் பாக்ஸை இடம் அளந்து வைக்கணும். பாக்ஸுக்குள்ள பேப்பரோ மணலோ திணிச்சு டேப் ஒட்டலைன்னா கலவை இறங்கி அடைச்சிடும். மறுநாள் கான்கிரீட் போடும்போது நம்ம ஆள் ஒருத்தர் மேலேயே நிக்கணும். சட்டியோட ஓடுறவங்க கால் பட்டுப் பைப் பிரியும், வைப்ரேட்டர் பட்டு பெண்ட் கழலும். பிரிஞ்சதை அந்த நிமிஷமே சேர்க்கலைன்னா அந்த ரூமுக்கு வயர் போகாது. அப்புறம் தளத்தைக் கொத்தணும், இல்ல சுவர் மேல வயரை மூடுற கேசிங் பட்டை ஓடணும். வீட்டுக்காரர் காலத்துக்கும் அதைப் பார்த்துக்கிட்டே இருப்பார்.

அடுத்தது சுவர் வெட்டுறது. கட்டர் தூசி, கைநடுக்கம், தோள்வலி. சித்திரை வைகாசியில வேலூர் வெயில்ல மொட்டை மாடி ஸ்லாப் மேல நிக்கிறது எப்படின்னு இந்த ஊர்க்காரங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இதுக்கெல்லாம் உடம்பு பழக மூணு மாசம் ஆகும். பழகிடும்.

என் யோசனை, வேலையை விடாதீங்க. வார லீவு நாள்ல ஒரு நல்ல மேஸ்திரிகிட்ட போங்க. ஒரு வீடு அஸ்திவாரத்துல இருந்து மீட்டர் வர்ற வரைக்கும் கூட இருந்து பாருங்க. அதுக்கப்புறமும் ஆசை இருந்தா மேற்கொண்டு பேசலாம்.

ஓய்வுபெற்ற_பயிற்றுநர்:

பாலாறு தம்பிக்கு வணக்கம். பல வருடம் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவில் பாடம் எடுத்தவன். விவரங்களை மட்டும் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

எலக்ட்ரீஷியன் பிரிவு 2 வருடம். பத்தாம் வகுப்பு தேர்ச்சி போதும், நீங்கள் பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்தது தடையில்லை. வயர்மேன் பிரிவுக்கு எட்டாம் வகுப்பே போதும், அதுவும் 2 வருடம். தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் ஆண்களுக்கு உச்ச வயது 40. பெண்களுக்கு உச்ச வரம்பே கிடையாது. அதனால் உங்களுக்குக் கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது, ஆனால் அதிக நாள் இருக்காது. இணையத்தில் விண்ணப்பம் கோடையில் தொடங்கும். கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சீருடை, புத்தகம், சைக்கிள் உண்டு. குடும்பஸ்தனுக்கு 750 ரூபாய் எதற்கும் காணாது என்பது தெரியும், இருந்தாலும் இருப்பதைச் சொல்ல வேண்டும்.

சிக்கல் என்னவென்றால் அது பகல் நேர வகுப்பு. வருகைப்பதிவு கண்டிப்பு. கம்பெனி வேலையோடு சேர்த்துப் பார்க்க முடியாது.

முடியாதவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம், பேச்சு வழக்கில் ஆர்செட்டி, மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வங்கிகள் நடத்துபவை. கிராமப்புறத்தாருக்கு வீட்டு வயரிங் பயிற்சியை ஏறத்தாழ ஒரு மாதம், சாப்பாடு தங்குமிடத்தோடு இலவசமாகத் தருகிறார்கள். ஒரு மாதத்தில் எலக்ட்ரீஷியன் ஆகிவிட முடியாது. ஆனால் பிளையரை எப்படிப் பிடிப்பது, சீரீஸ் என்ன, பேரலல் என்ன என்பதைத் தவறில்லாமல் கற்றுக்கொண்டு ஹெல்ப்பராகப் போகலாம்.

லைசென்ஸ் விஷயம். சென்னை கிண்டியில் உள்ள தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம்தான் தருகிறது. தொழிலில் இருப்பவர்கள் எச், பி, சி என்று சொல்வார்கள். எச் என்பது மின் கம்பியாள் உதவியாளர், பி என்பது மின் கம்பியாள், சி என்பது மேற்பார்வையாளர். ஐ.டி.ஐ. படிக்காதவர்களுக்கு முதல் படி மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. வயரிங் தொழிலில் 5 வருடத்துக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும், 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், உச்ச வயது வரம்பு இல்லை. தேர்வு ஐ.டி.ஐ.களில் நடக்கும். மாவட்ட ஆட்சியர் அலுவலகச் செய்திக்குறிப்பாக நாளிதழில் வரும். அதில் சொல்லும் மற்றத் தகுதிகளையும் வரி விடாமல் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

அந்த 5 வருடத்தை யாரிடம் வேலை செய்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். நாளைக்குச் சான்று என்று கேட்டால் எழுதிக் கையெழுத்துப் போடக்கூடிய ஒருவரிடம் சேருங்கள்.

ஆற்காடு_பாயின்ட்ரேட்:

சார் மேல மரியாதை உண்டு. ஆனா நான் ஐ.டி.ஐ. படிக்கல, எச், பி எதுவும் என்கிட்ட இல்ல. ஆற்காடு, விஷாரம், கலவை சுத்துவட்டாரத்துல வருஷம் முழுக்க வேலை இருக்கு. ஒவ்வொரு லைட், ஃபேன், பிளக் பாயின்டுக்கும் இவ்வளவுன்னு பேசி லேபர் மட்டும் எடுக்கிறேன். மெட்டீரியல் வீட்டுக்காரர் பொறுப்பு. யாரும் இதுவரைக்கும் சான்றிதழைக் காட்டுன்னு கேட்டதில்ல. பழைய வீட்ல நீ பண்ணின வேலையைத்தான் காட்டச் சொல்றாங்க.

வயசான காலத்துல படிப்பு, பரீட்சைன்னு பயமுறுத்தாம கையைப் பழக்கிக்கச் சொல்லுங்க. கூகுள்லயும் யூட்யூப்லயும் தமிழ்லயே எல்லாம் கிடைக்குது.

ஓய்வுபெற்ற_பயிற்றுநர்:

தம்பி, உங்கள் கைத்திறனை நான் சந்தேகப்படவில்லை. ஒரு கேள்வி. நீங்கள் வயரிங் முடித்த புது வீட்டுக்கு மின் இணைப்பு கேட்கும்போது டெஸ்ட் ரிப்போர்ட்டில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள்?

ஆற்காடு_பாயின்ட்ரேட்:

லைசென்ஸ் வச்சிருக்கிற கான்ட்ராக்டர் ஒருத்தர். அதுக்கு ஒரு தொகை கொடுத்துடுவோம். எல்லா ஊர்லயும் அப்படித்தான் நடக்குது.

ஓய்வுபெற்ற_பயிற்றுநர்:

அதைத்தான் சொல்ல வந்தேன். மின் நுகர்வோர் வீட்டு வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலம், தகுதிச் சான்று பெற்றவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறை சொல்கிறது. 2010இல் வந்ததும் அதைச் சொன்னது, அதற்கு மாற்றாக 2023இல் வந்ததும் சொல்கிறது. நீங்கள் வேலை செய்த வீட்டில் யாருக்காவது ஷாக் அடித்து உயிர் போனால், வீட்டைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டவரும் மாட்டுவார், வேலை செய்த நீங்களும் மாட்டுவீர்கள். உங்கள் பக்கம் காட்ட ஒரு தாள்கூட இருக்காது. உங்களுக்கு எத்தனை வருட அனுபவம்? 5 தாண்டியிருக்கும். நீங்களே எச் தேர்வு எழுதலாமே. நீங்கள் எழுத வேண்டும் என்பதுதான் என் விருப்பம், உங்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை.

ஆற்காடு_பாயின்ட்ரேட்:

5 எப்பவோ தாண்டிடுச்சு சார். அடுத்த அறிவிப்பு வரும்போது இங்கயே போடுங்க, பார்க்கிறேன்.

சத்துவாச்சாரி_அக்கா:

பெண்களுக்கு வயசு வரம்பு இல்லைன்னு சார் எழுதினதைப் பார்த்துதான் பதில் போடுறேன். நான் அப்படிச் சேர்ந்தவ. தையல் வேலை பார்த்துக்கிட்டு இருந்தேன். பொண்ணு காலேஜ் போனதுக்கப்புறம் எலக்ட்ரீஷியன் பிரிவுல சேர்ந்தேன். கிளாஸ்ல எல்லாம் என் பொண்ணை விடச் சின்னப் பசங்க. "ஆன்ட்டி"ன்னு ஆரம்பிச்சு ஒரு மாசத்துல "அக்கா" ஆயிடுச்சு. கணக்கு வரைபடம் ரெண்டும்தான் கஷ்டமா இருந்துச்சு. பசங்களே சொல்லிக் கொடுத்தாங்க. பதிலுக்கு நான் ரெக்கார்டு நோட்டு முடிக்க வைப்பேன்.

இப்ப சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்துல ஒரு லாட்ஜ்ல மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். அந்த ஏரியாவைப் பத்தி நிறைய பேர் யோசிக்கிறதில்ல. மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்குன்னு எங்கெங்க இருந்தோ நோயாளிகள் வந்து வாரக்கணக்குல தங்குறாங்க. ரூமுக்கு ரூம் இண்டக்ஷன் அடுப்பு, கீசர், ஏ.சி. எல்லாம் பழைய கட்டடம், லைட்டும் ஃபேனும் மட்டும் ஓடும்னு நினைச்சுப் போட்ட வயரிங். அங்க எப்பவும் எலக்ட்ரீஷியனுக்கு வேலை இருக்கு. மாசச் சம்பளம், மழைநாள்லயும் வேலை, ஸ்லாப் ஏற வேண்டியதில்ல. வயசானவங்களுக்கு இது நல்ல இடம்.

ஒரு விஷயம் சொல்றேன், புதுசா வர்றவங்க மனசுல வச்சுக்கணும். போன மாசம் ஒரு ரூம்ல கீசர் வேலை செய்யலைன்னு கூப்பிட்டாங்க. 3 கிலோவாட் கீசர். 230 வோல்ட்ல 13 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட் 16 ஆம்பியர்தான், நல்ல கம்பெனிதான். கழட்டிப் பார்த்தா நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற வயர்) பக்கம் ஸ்க்ரூவைச் சுத்திப் பிளாஸ்டிக் பழுப்பாகி, வயரோட தோல் ஒரு விரற்கடைக்கு மொறுமொறுன்னு உதிருது. ஃபேஸ் பக்கம் புதுசு மாதிரி இருக்கு. மாட்டினவர் நியூட்ரல் ஸ்க்ரூவை முழுசா முடுக்கல. லூஸ் இருக்கிற இடத்துல ரெசிஸ்டன்ஸ், ரெசிஸ்டன்ஸ் இருக்கிற இடத்துல சூடு. இதுக்கு எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினா தானா அணையுற ஸ்விட்ச்) டிரிப் ஆகாது, ஏன்னா கரண்ட் அதே 13தான். எரிஞ்சு போற வரைக்கும் யாருக்கும் தெரியாது.

அதனால வயர் நுனியைச் சீவும்போது செம்பு இழை ஒண்ணுகூட அறுபடாமச் சீவி, முறுக்கி, மடிச்சு உள்ள விட்டு, முடுக்கினதுக்கப்புறம் ஒருதடவை இழுத்துப் பார்க்கணும். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும். தையல்காரிக்கு இந்தப் பொறுமை ஏற்கெனவே இருந்துச்சு. ஷூ லைன்ல தையல் பிசகைக் கண்ணால பிடிக்கிற சூப்பர்வைசருக்கும் இருக்கும் தம்பி.

குடியாத்தம்_வைண்டிங்:

அண்ணா, நான் மோட்டார் வைண்டிங் கடை வச்சிகினு இருக்கேன். எல்லாரும் வீட்டு வயரிங் பத்தியே பேசிகினு இருக்காங்க, நம்ம ஏரியாவுல விவசாய மோட்டார் எவ்ளோ கீதுன்னு யோசிங்க. குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி.குப்பம், அணைக்கட்டு, எங்க போனாலும் கிணறு, போர், சப்மெர்சிபிள். நெல்லு காயுதுன்னா விவசாயி ராத்திரி பன்னண்டு மணிக்கும் போன் பண்ணுவாரு.

மோட்டார் எரியறதுக்குப் பாதிக் காரணம் ஒரு ஃபேஸ் போறதுதான். மூணு ஃபேஸ்ல ஒண்ணு போச்சுன்னா மீதி ரெண்டும் கரண்டை அதிகமா இழுத்து காயில் கருகிப்பூடும். அதுலயும் சில பேர் கன்டென்சர் போட்டு ரெண்டு ஃபேஸ்லயே ஓட்றாங்க. 5 ஹார்ஸ்பவர் மோட்டார் 7, 7.5 ஆம்பியர் எடுக்கணும். கிளாம்ப் மீட்டர் வச்சுப் பார்த்தா ஒவ்வொரு வயர்லயும் ஒவ்வொரு நம்பர் காட்டும். ஸ்டார்டர்ல ஓவர்லோட் ரிலேவை (கரண்ட் அதிகமானா மோட்டாரை நிறுத்துறது) ஏத்தி வச்சிருப்பாங்க, டிரிப் ஆகுதுன்னு. அதை மோட்டாரோட பிளேட்ல போட்டிருக்கிற ஆம்பியருக்கு இறக்கி வைக்கிறதுதான் நாம பண்ற முதல் வேலை.

ரீவைண்டிங் கத்துக்கணும்னா ஒரு வருஷம் கடையிலயே உக்காரணும். பழைய காயிலை அறுத்து எடுத்து, எத்தனை சுத்து, வயர் தடிமன் எத்தனை கேஜ்னு நோட்டுல எழுதி, அதே மாதிரி கட்டணும். உக்காந்த வேலை, நிழல்ல வேலை. கண்ணும் பொறுமையும் வேணும்.

முக்கியமா ஒண்ணு. காட்டுப்பன்னி வருதுன்னு வேலியில கரண்ட் குடுக்கச் சொல்லி உங்களைக் கூப்பிடுவாங்க. பேரணாம்பட்டு காட்டோரம் எல்லாம் இது நடக்குது. எவ்ளோ காசு குடுத்தாலும், எவ்ளோ நெருங்கின சொந்தமா இருந்தாலும் பண்ணாதீங்கண்ணா. பன்னிக்கு வச்சதுல மனுஷன் செத்திருக்கான், வச்ச விவசாயியே செத்திருக்கான். கம்பி கட்டிக் குடுத்தவனும் ஜெயிலுக்குப் போவான். சோலார் வேலி எனர்ஜைசர் வச்சது வேற, அது விட்டு விட்டு ரொம்பச் சின்னத் துடிப்பு குடுக்கும், விலகிக்கலாம். மெயின் லைனை நேராக் குடுக்கிறது கொலை.

மாறிவந்தவன்_வேலூர்:

மெடிக்கல் ரெப்பா இருந்து 35ல இந்த வேலைக்கு மாறினவன் நான். தொழில் நுணுக்கத்தைப் பெரியவங்க சொல்லிட்டாங்க. காசு விஷயத்தை நான் சொல்றேன்.

ஹெல்ப்பரா போனா எங்க பக்கம் நாள் கூலி 600, 700ல தொடங்கும். சூப்பர்வைசர் சம்பளம் வாங்கினவருக்கு அது பெரிய இறக்கம். அதைவிடப் பெரிய இறக்கம், உங்களை விடப் பத்து வயசு சின்னவன் "அந்த ஸ்பிரிங்கை எடு"ன்னு சொல்லும்போது எடுக்கணும். அதுக்கு மனசு தயாரான்னு இப்பவே பார்த்துக்கங்க. எனக்கு அந்தத் தம்பிதான் குரு. இன்னைக்கும் அவன்கிட்ட சந்தேகம் கேட்கிறேன்.

ஆறு மாச வீட்டுச் செலவு கையில இருக்கணும். ஸ்கூல் ஃபீஸ் தனி. மழைக்காலத்துல, ஆடி மாசத்துல வேலை படுத்துடும், யாரும் புதுசா வீடு தொடங்க மாட்டாங்க. தை, வைகாசி முகூர்த்த மாசம் வந்தா கிரகப்பிரவேசத்துக்கு முன்னாடி எல்லா வீட்டுக்காரரும் ஒரே நேரத்துல கூப்பிடுவாங்க.

தனியா எடுக்க ஆரம்பிச்சா பணத்தை நிலை நிலையா வாங்கிடுங்க. ஸ்லாப் பைப் முடிஞ்சதும் ஒரு பங்கு, சுவர் வெட்டி பாக்ஸ் வச்சதும் ஒரு பங்கு, வயர் இழுத்ததும் ஒரு பங்கு, ஃபிட்டிங்ஸ் முடிஞ்சதும் மீதி. கடைசிப் பங்குதான் எப்பவும் இழுத்தடிக்கும், அது சின்னதா இருக்கணும். எல்லாத்தையும் நோட்டுல எழுதி வீட்டுக்காரர் கையெழுத்து வாங்குங்க. இந்த இடத்துல உங்க வயசும் பழைய வேலையும் உதவும். கணக்கு எழுதி, நேரத்துக்கு வந்து, சொன்னதைச் செய்யிற எலக்ட்ரீஷியனுக்கு ஒரு வீட்ல இருந்து நாலு வீடு வரும்.

எச்சரிக்கையும் ஒண்ணு. நகரத்துல ஒரு தனியார் பயிற்சி மையத்துல பெரிய தொகை வாங்கிக்கிட்டு மூணு மாசத்துல "அரசு அங்கீகாரச் சான்றிதழ்"னு என் நண்பருக்குக் கொடுத்தாங்க. லைசென்ஸுக்கு அது எந்த வகையிலயும் செல்லுபடி ஆகல. சேர்றதுக்கு முன்னாடி மத்திய அரசு பக்கத்து என்.சி.வி.டி. சான்றா, மாநில அரசு பக்கத்து எஸ்.சி.வி.டி. சான்றான்னு கேளுங்க. ரெண்டும் இல்லைன்னா காசு கட்டாதீங்க.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துலயும் பதிஞ்சிடுங்க. 18ல இருந்து 60 வயசு வரைக்கும் சேரலாம், எலக்ட்ரிக்கல் வேலையும் அதுல வரும். பிள்ளைங்க படிப்புக்கு உதவித்தொகை, விபத்து நிவாரணம், 60க்கு அப்புறம் ஓய்வூதியம் இருக்கு. ஹெல்ப்பரா சேர்ந்த உடனே பண்ண வேண்டிய வேலை இது.

பாலாறு_38:

இவ்வளவு பேர் இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கல. ரொம்ப நன்றி. முழுசா வீட்ல படிச்சுக் காட்டினேன். சம்பள இறக்கத்தைக்கூட அவங்க ஒத்துக்கிட்டாங்க, தையல் மெஷின் வச்சு சமாளிக்கலாம்னு சொல்றாங்க. பயம் ஒண்ணுதான். எங்க தெருவுல ஒருத்தர் ஷாக் அடிச்சு இறந்தவர். "கரண்டோட விளையாட வேணாம்"னு ஒரே பேச்சு. அவங்களுக்கு என்ன சொல்றது?

காட்பாடி_வயர்மேன்:

தங்கச்சி பயப்படுறது நியாயம் தம்பி. பயம் போகாமலே இருக்கட்டும். பயம் விட்டுப்போன எலக்ட்ரீஷியன்தான் சாகிறான். அவங்ககிட்ட இதைப் படிச்சுக் காட்டுங்க.

லைன்ல வேலை செய்றதுக்கு முன்னாடி நாங்க பண்றது இது. மெயினை ஆஃப் பண்ணி, ஃபியூஸ் கேரியரைக் கழட்டி என் பாக்கெட்ல போட்டுக்குவேன். வேற யாரும் போட்டுட முடியாது. டெஸ்டரை முதல்ல கரண்ட் இருக்கிற ஒரு இடத்துல வச்சு, டெஸ்டர் எரியுதான்னு பார்ப்பேன். அப்புறம் வேலை செய்யப்போற இடத்துல வச்சுப் பார்ப்பேன். திரும்ப முதல் இடத்துல. டெஸ்டர் கெட்டுப்போயிருந்தா எரியாது, எரியலைன்னு கரண்ட் இல்லைன்னு நினைச்சு கையை வச்சவங்க உண்டு. அதனாலதான் நாங்க டெஸ்டரோட நிறுத்துறதில்ல. மல்டி மீட்டர்ல ஃபேஸ் நியூட்ரல், ஃபேஸ் எர்த், நியூட்ரல் எர்த் மூணையும் பார்ப்போம்.

அடுத்தது இன்வெர்ட்டர். மெயின் ஆஃப் பண்ணினாலும் இன்வெர்ட்டர் லைன்ல 230 வோல்ட் வந்துக்கிட்டே இருக்கும். இப்ப எல்லா வீட்லயும் இருக்கு. அதையும் ஆஃப் பண்ணாம பாக்ஸைத் திறக்கக் கூடாது. நியூட்ரல்தானேன்னு தொடக் கூடாது. இன்னொரு சர்க்யூட்டோட நியூட்ரலை இதுல சேர்த்து வச்சிருந்தா, நீங்க ஸ்க்ரூவைக் கழட்டின நொடியே அதுல கரண்ட் நிக்கும்.

அப்புறம் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிஞ்சா உடனே லைனை அணைக்கிற ஸ்விட்ச். எம்.சி.பி. காப்பாத்துறது வயரைத்தான். மனுஷனைக் காப்பாத்துறது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. நான் எடுக்கிற எந்த வீட்லயும் அது இல்லாம டி.பி. (கரண்டை ரூம் ரூமாப் பிரிச்சு விடுற பாக்ஸ்) போட மாட்டேன். வேணாம்னு சொன்ன வீட்டுக்காரரை விட்டு வந்திருக்கேன். வீட்டுக்கு எர்த் பிட்டும் அப்படித்தான். நம்ம பக்கம் பாறை மண், கோடையில காய்ஞ்சு கிடக்கும், எர்த் ரெசிஸ்டன்ஸ் ஏறிடும். குழி தோண்டிக் கம்பி நட்டுட்டேன்னு சொன்னா போதாது, எர்த் டெஸ்டர்ல அளந்து எழுதி வைக்கணும், கோடையில அப்பப்ப தண்ணி ஊத்தச் சொல்லணும்.

இதையெல்லாம் செய்யிற மேஸ்திரி யாருன்னு பார்த்துச் சேருங்க. "சும்மா ஒரு கை பிடி, லைவ்லயே மாட்டிடலாம்"னு சொல்றவன்கிட்ட ஒரு நாள்கூட நிக்காதீங்க. வீட்ல பயப்படுறவங்களுக்கு நீங்க சொல்லக்கூடிய பதில் அது ஒண்ணுதான்.

ராணிப்பேட்டை_சோலார்:

ஒரு வார்த்தை சேர்க்கிறேன். 2024 பிப்ரவரியில மத்திய அரசோட சூர்ய கர் திட்டம் வந்ததுக்கப்புறம் மொட்டை மாடி சோலார் வேலை நம்ம பக்கம் நல்லா ஏறியிருக்கு. மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதுக்கு மேலயும் 78,000. வெயிலுக்கு நம்ம ஊர்ல குறைவில்ல. வயரிங் அடிப்படை தெரிஞ்சவங்களை கம்பெனிகள் தேடுது.

ஆனா நேரா இதுக்குள்ள குதிக்காதீங்க. பேனலை ஆஃப் பண்ண முடியாது, வெயில் இருக்கிற வரைக்கும் கரண்ட் இருக்கும். வரிசையா சேர்த்தா சில நூறு வோல்ட் டி.சி., அதாவது ஒரே திசையில ஓடுற கரண்ட். வீட்டுக்கு வர்ற ஏ.சி. கரண்ட் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடும், அதனால பொறி அணையும். டி.சி. அப்படித் தொடாது, பொறி பிடிச்சா எரிஞ்சுக்கிட்டே நிக்கும். லோடு ஓடும்போது கனெக்டரைப் பிரிச்சு கையைப் பொசுக்கிக்கிட்ட பசங்களைப் பார்த்திருக்கேன். ஒரு வருஷம் வீட்டு வயரிங் பார்த்துட்டு வாங்க, கத்துக் கொடுக்க நாங்க இருக்கோம்.

பாலாறு_38:

முடிவு பண்ணிட்டேன். கம்பெனியை இப்போதைக்கு விடல. லீவு நாள்ல காட்பாடி அண்ணன் டீம்லயே வர்றதாப் பேசியிருக்கேன், அண்ணன் தனிச்செய்தியில நம்பர் கொடுத்துட்டார். இந்தக் கோடையில ஐ.டி.ஐ. விண்ணப்பமும் போடுறேன். இடம் கிடைச்சா அப்ப வீட்ல உக்காந்து பேசி முடிவெடுப்போம், 40 தாண்டிட்டா அந்த வழி அடைஞ்சிடும்ங்கிறதால. கிடைக்கலைன்னா 5 வருஷ அனுபவம், எச் தேர்வு. முதல் நாளைக்கு என்ன வாங்கிட்டு வரணும் அண்ணா?

காட்பாடி_வயர்மேன்:

இன்சுலேஷன் உள்ள கட்டிங் பிளையர், நல்ல டெஸ்டர், ஒரு டேப் அளவு, ஒரு நோட்டு. மத்தது எங்ககிட்ட இருக்கு. மீட்டர் வாங்கக் காசைச் சேர்த்து வைங்க, மலிவு மீட்டர் வேணாம். காட்டன் பேன்ட், கால் மூடின ஷூ. கைக்கடியாரம், மோதிரம், கழுத்துச் செயின் வீட்லயே இருக்கட்டும்.

வாலாஜா_வாசகன்:

இழையை முழுசாப் படிச்சேன், நானும் 33ல யோசிச்சுக்கிட்டு இருக்கிறவன். ஒரு சந்தேகம். எனக்கு சிவப்பு, பச்சை சில வெளிச்சத்துல குழம்பும். டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும்போதே கண் டாக்டர் சொன்னார். இந்த வேலைக்கு வரலாமா?

ஓய்வுபெற்ற_பயிற்றுநர்:

கேட்டது நல்லது. நம்மிடம் ஃபேஸுக்கு சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கருப்பு, எர்த்துக்குப் பச்சை. சிவப்பும் பச்சையும் குழம்பினால் ஃபேஸும் எர்த்தும் மாறும். அப்படி மாறினால் வாஷிங் மெஷின் உடம்பில் 230 வோல்ட் நிற்கும். கண் மருத்துவரிடம் நிறப்பார்வைச் சோதனை செய்து, குறைபாடு எந்த அளவு என்று எழுதி வாங்குங்கள். பெரிய தொழிற்சாலைகள் இதைப் பார்த்துத்தான் ஆள் எடுக்கும். அளவு அதிகம் என்றால் வயரிங்குக்குப் பதிலாக வைண்டிங் பக்கம் யோசிக்கலாம், குடியாத்தம் தம்பியைக் கேளுங்கள்.

குடியாத்தம்_வைண்டிங்:

வாங்க அண்ணா, வைண்டிங்ல கலரை விட கேஜும் சுத்துக் கணக்கும்தான் முக்கியம். லீடு வயர் வெளிய எடுக்கும்போது நாங்க மூணு ஃபேஸுக்கும் யு, வி, டபிள்யூன்னு டேப்ல எழுதி ஒட்டிட்றோம். சனிக்கிழமை மதியத்துக்கு மேல கடை கொஞ்சம் ஃப்ரீயா இருக்கும், அப்ப வந்து பாருங்க.